ஆராய்ச்சியுரை எழுதுமாறு

ஆராய்ச்சியுரை எழுதப் புகும் மாணவருட் பலர், முன்னோர் கட்டுரைகளிற் கண்டனவற்றைத் தொகுத்தலே ஆராய்ச்சியென மயங்குகின்றனர். சின்னாட் பயிற்சியில் எழுதும் சிற்றுரைக்கு வினா ஒன்றே அமையும். மெய்கண்டதேவர் காலம் யாது என்பதனை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

இதற்குப் பற்றுக்கோடாவது உமாபதிசிவாசாரியர் அருளிய சங்கற்பநிராகரணம். அந்நூற் பாயிரம் சகம் 1235 எனத் தானே உரைக்கின்றது, அது கி.பி. 1313 ஆம். இது நூற்கூற்று. உமாபதிசிவாசாரியர் சந்தானகுரவருள் நான்காமவர். ஆகலின், முதல்வராகிய மெய்கண்டதேவர் 13-ஆம் நூற்றாண்டினராதல் வேண்டும் என்பது அதன்மேற் சென்ற கருதலளவை. ஒரு தலைமுறைக்கு எத்துணை யாண்டு கொள்வது என்பதிற் கணக்கு வேறுபடும். இவ்வேறுபாட்டை நோக்காது ஒருவர் இன்ன ஆண்டெனத் துணிந்தெழுத, மற்றொருவர் அதனை எடுத்தாள, மூன்றாமவர் கட்டுரையிற் கருதல் நூற்கூற்றாகவே நின்றுவிடுகின்றது. மூலத்தைத் திறந்து பாராது ஆண்டெழுதற்க.

மாறுபட்ட கொள்கையைக் கூறுமிடத்து அருணந்திசிவாசாரியர் நெறி கொள்ளத்தக்கது. சிவஞானசித்தியாரில் அவர் பரபக்கத்தை முன்வைத்து, உலகாயதர் முதலாயினார் கூற்றை முதற்கண் நிறுவிப் பின்னரே மறுத்தார். மறுக்கப்படுவோன், 'என் கொள்கை இதுவே' என ஒப்புமளவு எழுதுதல் வேண்டும். யாம் காணும் கட்டுரைகளில் இஃது அரிது. எதிர்வாதியை மெலிவித்து வீழ்த்துதல் எளிதன்றோ!

நூற்கூற்று, பிறர் கருதல், தன் துணிபு என்னும் மூன்றனையும் வெவ்வேறு வாக்கியங்களில் நிறுத்துக. எடுத்தாண்ட பதிப்பின் ஆண்டும் பக்கமும் குறிக்க. பாடவேறுபாடு உள்வழி எண்ணே மாறுதலும் கூடும்.