காத்திருந்தவனுக்கு என்ன பாத்தியதை?

அன்புள்ள கதிர்,

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் சோலசார் பேசினில் லோக்நஹாக் என்ற அரிய சிறுத்தைக்காக நீ நாள்கணக்கில் காவல் இருந்ததையும், அது தோன்றிய நேரம் பார்த்து எங்கிருந்தோ பறந்து வந்த இன்னொரு ஹன்டர் அதை டேம் செய்து, அதாவது பழக்கித் தன் துணையாக்கி, கொண்டுபோனதையும், நீ அவரைத் திருடன் என்று சேனலில் எல்லோரும் பார்க்கத் திட்டியதையும் படித்தேன். காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோன கதை என்று பழமொழி வேறு எழுதியிருக்கிறாய். (பெண்ணைச் சரக்காக்கிப் பேசும் அந்தப் பழமொழியை இனி விட்டுவிடு, அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.) நியாயம் யார் பக்கம் என்று கேட்டாய். என் பதில் உனக்குப் பிடிக்காது. அவர் உன்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்கப்படுவதற்கு உன் கையில் எதுவும் இருக்கவில்லை. அதற்காக அந்த இடத்தில் நியாயம் அநியாயம் என்று எதுவுமே இல்லை என்றும் நான் சொல்லவரவில்லை. அதே விலங்கை முன்வைத்து ஒருவர் இன்னொருவருக்கு இழைக்கக்கூடிய உண்மையான அநியாயம் ஒன்று உண்டு. நீ கோபப்பட்டது அதன்மேல் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

முதலில் அந்த விளையாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2008 நவம்பரில் வெளிவந்த ‘ராத் ஆஃப் தி லிச் கிங்’ பகுதியோடுதான் ஸ்பிரிட் பீஸ்ட் என்ற வகை வந்தது. அதில் மிகப் பெயர்பெற்றது இந்த ஒளிரும் சிறுத்தை. பீஸ்ட் மாஸ்டரி வழியைத் தேர்ந்தெடுத்த ஹன்டர்தான் அதைப் பழக்க முடியும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் உயிரோடிருக்கும். போய்விட்டால் மறுபடி வரப் பல மணி நேரம் ஆகும். வரும் இடமும் ஒன்றல்ல, பேசினுக்குள் பல இடங்களில் ஏதாவது ஒன்று. பழக்கத் தொடங்கினால் சில விநாடி அசையாமல் நிற்க வேண்டும். அந்த நேரம் முழுக்க அது உன்னை அடித்துக்கொண்டிருக்கும். இடையில் வேறு யாராவது அதைத் தாக்கிக் கொன்றுவிட்டால் உன் வேலை அம்போ. கொல்வதற்கு ஆள் வராது என்றும் சொல்ல முடியாது. நார்த்ரெண்டின் அரிய உயிர்களைத் தேடிக் கொல்பவர்களுக்கான ‘ஃப்ராஸ்ட்பிட்டன்’ என்ற சாதனைப் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது. ஒருவருக்கு அது உயிரோடு வேண்டும், இன்னொருவருக்குப் பிணமாக வேண்டும். சண்டை வருவதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் செய்திருக்க முடியாது.

இப்போது உன் வாதத்துக்கு வருகிறேன். ‘முதலில் வந்தது நான், நெடுநேரம் இருந்தது நான், ஆகவே எனக்குத்தான்’ என்கிறாய். இந்த நியாயம் உன் கற்பனையில் உதித்ததல்ல, இதற்கு ஒரு பரம்பரை உண்டு. 1999-இல் வந்த எவர்குவெஸ்டில் இதைக் கேம்ப் என்பார்கள். லோயர் கக் பாதாளத்தில் ஃபிரென்சீட் கூல் என்ற பிசாசு வரும் அறையை ஒரு குழு பிடித்து வைத்திருந்தால், பின்னால் வருகிறவர்கள் ‘இங்கே யார் இருக்கிறீர்கள்’ என்று கேட்டுவிட்டு, பெயர் கொடுத்துவிட்டு, வரிசையில் நிற்பார்கள். பெரும்பாலும் அந்த மரியாதை செல்லுபடியானது. ஏன் என்பதைக் கவனி. அந்த விளையாட்டில் அரிய உயிர் சும்மா வந்துவிடாது. அதன் இடத்தில் ஒரு சாதாரண உயிர் நிற்கும். அதைக் கொல்ல வேண்டும். அது மறுபடி எழும்போது சாதாரணமானதே வரலாம், அதிர்ஷ்டம் இருந்தால் அரியது வரலாம். எழ எழக் கொன்றுகொண்டே இருந்தால்தான் அரியது வர வழி பிறக்கும். ஆக, கேம்ப் பிடித்தவர்கள் காத்திருக்கவில்லை, உழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இல்லாமல் அந்தப் பிசாசு அந்த நேரத்தில் அங்கே வந்திருக்காது. வந்ததைக் கடைசி நிமிடத்தில் நுழைந்தவர் அடித்துக்கொண்டு போனால் அது அவர்கள் உழைப்பைத் தூக்கிக்கொண்டு போவதுதான்.

லோக்நஹாக் விஷயத்தில் உன் உழைப்பு எங்கே இருக்கிறது? நீ உட்கார்ந்திருந்ததால் அது ஒரு நொடிகூட முன்னதாக வரவில்லை. நீ தூங்கப் போயிருந்தாலும் அதே நேரத்தில் அதே பாறையருகே எழுந்திருக்கும். உன் நேரம் செலவானது உண்மை. அந்தச் செலவு விலங்கின்மேல் ஏறவில்லை. எவர்குவெஸ்டின் மரியாதையை அதன் காரணத்தை விட்டுவிட்டு இங்கே பெயர்த்து நட்டால் அது வெறும் ஆக்கிரமிப்பாகிவிடும். அப்படித்தான் ஆகியும் இருக்கிறது. அது வரக்கூடிய ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு பாத்திரத்தை நிறுத்தி லாக்-அவுட் செய்துவிட்டு, அவ்வப்போது உள்ளே வந்து எட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. பஸ் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுபோல. காத்திருப்பு பாத்தியதை தருமென்றால் இவர்களுக்குத்தான் அதிகப் பாத்தியதை. இரண்டு கணக்குக்குச் சந்தா கட்ட முடிந்தவருக்கு அதனினும் அதிகம். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் விளையாட உட்காருகிறவருக்கு எதுவுமே இல்லை. உன்னிடமிருந்து ‘பறித்தவர்’ அப்படிப்பட்ட ஒருவராக இருந்திருக்கலாம். நீ கேட்கும் நியாயம், ஓய்வு நிறைய உள்ளவர்களுக்கான நியாயம்.

இந்த வழக்கு கணினி வருவதற்கு வெகுமுன்பே ஒரு நீதிமன்றத்தில் நடந்திருக்கிறது. 1805-இல் நியூயார்க் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பியர்சன் எதிர் போஸ்ட் வழக்கு, அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சொத்துரிமைப் பாடத்தில் இன்றும் படிக்கப்படுகிறது. போஸ்ட் என்பவர் வேட்டை நாய்களோடு யாருக்கும் சொந்தமில்லாத கடற்கரைப் புறம்போக்கில் ஒரு நரியைத் துரத்திக்கொண்டிருந்தார். துரத்துவது தெரிந்தே பியர்சன் குறுக்கே வந்து நரியைக் கொன்று எடுத்துக்கொண்டு போனார். கீழ் நீதிமன்றம் போஸ்டுக்குத் தீர்ப்பளித்தது. மேலே அது புரண்டது. நீதிபதி டாம்ப்கின்ஸ் சொன்ன காரணம் இதுதான்: கண்ணில் பட்டதும் துரத்தியதுமே உரிமை என்றால் வழக்குக்கு முடிவே இருக்காது. வலையில் சிக்கியிருக்க வேண்டும், அல்லது தப்ப முடியாத அளவுக்குக் காயப்பட்டிருக்க வேண்டும், அப்போதுதான் அது ஒருவருடையது. துரத்தியவருக்கே இதுதான் கதி என்றால், கல்லில் உட்கார்ந்து காத்திருந்த உனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசி. ஆனால் அதே டாம்ப்கின்ஸ் இன்னொன்றையும் போகிற போக்கில் ஒப்புக்கொள்கிறார். பியர்சன் நடந்துகொண்டது மரியாதைக் குறைவாகவே இருந்தாலும், அதற்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை என்கிறார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய லிவிங்ஸ்டன், இதை வேட்டைக்காரர்களின் பஞ்சாயத்துக்கு விட்டிருக்க வேண்டும் என்றார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியென்றே படுகிறது. உரிமை எதில் தொடங்குகிறது என்பதற்கு டாம்ப்கின்ஸின் கோடு; உரிமையாகாத இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு வேட்டைக்காரர்களின் பஞ்சாயத்து.

டாம்ப்கின்ஸின் கோட்டை நம் இடத்தில் போட்டால் அது பழக்கும் அந்தச் சில விநாடிகளின் தொடக்கத்தில் விழுகிறது. ஒருவர் டேம் செய்யத் தொடங்கியதும் அவருக்கும் விலங்குக்கும் நடுவே ஓர் ஒளிக்கோடு ஓடுகிறது. பார்க்கிற எவருக்கும் அது தெரியும். தெரிவதுதான் இங்கே முக்கியம். ஹோர்ட், அலயன்ஸ் என்ற இரண்டு எதிரணிகளும் பொதுவெளியில் ஒருவரோடொருவர் பேச முடியாதபடி அந்த விளையாட்டு அமைந்திருக்கிறது. நீ எழுதுவது எதிரணிக்காரருக்கு உளறலாகத்தான் போய்ச் சேரும். கையசைக்கலாம், குனிந்து வணங்கலாம், அவ்வளவுதான். முன்பின் தெரியாத, பேச்சும் புரியாத இருவருக்கு நடுவில் ஒரு மரியாதை நிலைக்க வேண்டுமானால், அது கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒன்றின்மேல் நிற்க வேண்டும். நீ மூன்று நாளாக இருக்கிறாய் என்பது உன் மனதில் மட்டும் இருக்கும் செய்தி. ஒளிக்கோடு எல்லோர் கண்ணிலும் இருக்கிறது. மசாசூசெட்ஸ் கடலோரத்துத் திமிங்கில வேட்டைக்காரர்களிடம் இப்படியொரு வழக்கம் இருந்தது. வெடி ஈட்டி பாய்ந்து செத்த ஃபின்பேக் திமிங்கிலம் மூழ்கிவிடும். ஓரிரு நாள் கழித்து மிதந்து எங்காவது கரை ஒதுங்கும். கண்டவர் அதை விற்றுக்கொள்ளக் கூடாது, கொன்றவருக்குச் சொல்லி அனுப்பிச் சிறிய கூலி வாங்கிக்கொள்ள வேண்டும். 1881-இல் கென் எதிர் ரிச் வழக்கில் நீதிமன்றம் அந்த வழக்கத்தையே சட்டமாக ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கம் நடைமுறையில் ஓடியதற்கு ஒரு காரணம், ஒவ்வொருவர் ஈட்டியிலும் அவரவர் அடையாளம் இருந்தது.

ஆகவே நான் சொன்ன அந்த உண்மையான அநியாயம் எது என்றால், ஒளிக்கோடு ஓடத் தொடங்கிய பிறகு அந்த விலங்கின்மேல் அம்பு விடுவது. ஃப்ராஸ்ட்பிட்டனுக்காக அலைகிறவர் என்றாலும் அந்தச் சில விநாடி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இது உன் பக்கமும் வெட்டும். அவர் முதலில் அடிக்கத் தொடங்கிவிட்டால், ‘ஐயோ, எனக்கு உயிரோடு வேண்டுமே’ என்று நீ உரிமை கோர முடியாது. ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். உயிரோடு வேண்டும் என்கிற ஆசை கொல்ல வேண்டும் என்கிற ஆசையைவிட உயர்ந்தது என்று ஹன்டர்கள் நினைத்துக்கொள்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. தன்னிடம் ஏற்கெனவே அந்தச் சிறுத்தை இருக்க, மற்றவர்களுக்குக் கிடைத்துத் தன் பெருமை குறைந்துவிடக் கூடாதே என்று கொன்று போடுகிற ஹன்டர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி வாதம் செய்ய எனக்குப் பொறுமை இல்லை.

‘விளையாட்டே அனுமதிக்கிறதே, பிறகென்ன’ என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். விளையாட்டின் நிரல், கிடைக்கும் பொருள் யாருக்குப் போக வேண்டும் என்று கணக்குப் போடுவதோடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் அதற்குக் கருத்து இல்லை. எல்லாவற்றையும் வேகத்துக்கே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபைனல் ஃபேண்டசி லெவன் சாட்சி. அதில் ஒரு காலத்தில் ஃபாஃப்னிர் போன்ற பெரிய உயிர்கள் செத்து இருபத்தொன்று முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அரை மணிக்கொரு வாய்ப்பாக மீண்டும் எழும். குழுக்கள் மொத்தமாக வந்து நிற்கும், முதலில் தொட்டவருக்கே அது. சீக்கிரமே தொடும் வேலையை மனிதக் கையிலிருந்து மென்பொருள் வாங்கிக்கொண்டது. மனிதர்கள் கூட்டம் கூட்டமாக நின்று, நிரல்களின் ஓட்டப்பந்தயத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அதன் தம்பியான ஃபைனல் ஃபேண்டசி ஃபோர்டீனில் 2014-இல் ஹன்ட் வந்தபோது, பங்கெடுத்த எல்லோருக்கும் பரிசு என்று வைத்தார்கள். அங்கே மரியாதை தலைகீழானது: கண்டவர் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், அவர்கள் வந்து சேரும்வரை தொடாமல் இருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே அடித்தவர்தான் அங்கே வசவு வாங்குகிறவர். பொருளின் அமைப்பு மாறினால் மரியாதையும் மாறும் என்பதால்தான், ஒரு விளையாட்டின் வழக்கத்தை இன்னொன்றில் கொண்டுவந்து போடாதே என்கிறேன்.

வார்கிராஃப்டில் இருவரும் சண்டையை அனுமதித்து விளையாடும்போது விஷயம் வேறு. எதிரணிக்காரர் டேம் செய்துகொண்டிருக்கும்போது அவரையே நீ வெட்டிச் சாய்த்தால், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் இருவரும் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள். செத்தவர் எழுந்து திரும்பி ஓடிவந்து உன்னை வெட்டவும் வழி இருக்கிறது. விலங்கைக் கொன்றால் அப்படித் திரும்பிவர வழியில்லை, ஆட்டமே முடிந்துவிடுகிறது.

இன்னும் கனமான ஆட்சேபணை ஒன்று இருக்கிறது. இந்த மரியாதையை யார் காப்பாற்றுகிறார்கள்? முன்பெல்லாம் ஒரு சர்வர் ஓர் ஊர்போல இருந்தது. விலங்கைக் கெடுத்தவர் பெயர் மறுநாள் எல்லா கில்டிலும் அடிபடும். பிறகு அவரைக் குழுவில் சேர்க்க ஆள் இருக்காது. 2012-இல் பல சர்வர்களின் ஆட்களை ஒரே வெளியில் கலந்துவிட்டார்கள். இப்போது பக்கத்தில் நிற்பவரை நீ மறுபடி பார்க்கப்போவதே இல்லை. பயம் போனபின் மரியாதை எதற்கு என்று கேட்டால், அதற்குத் தண்டனையைக் காட்டி என்னால் பதில் சொல்ல முடியாது. ஆனால் நான் கேட்கும் மரியாதைக்கு ஆகும் செலவைப் பார்: சில விநாடி. காத்திருந்தவருக்கெல்லாம் விலகி வழிவிடு என்று நீ கேட்கும் மரியாதைக்கு ஆகும் செலவு, முன்பின் தெரியாத ஒருவருக்காக அந்த விலங்கையே விட்டுக்கொடுப்பது. ஊர்க்கட்டு இல்லாத இடத்தில் மலிவான வழக்கம்தான் பிழைக்கும். அதிகம் கேட்கிறவன் கடைசியில் எல்லோரையும் திருடன் என்று திட்டிக்கொண்டு நிற்பான்.

இனி நீ செய்ய வேண்டியது. அதே பாறையருகே உன் அணியைச் சேர்ந்த இன்னொரு ஹன்டர் வந்து நின்றால், விலங்கு வருவதற்கு முன்பே பேசிவிடு. வந்தபிறகு பேச நேரம் இருக்காது. இருந்தாலும் யாருக்கும் காது கேட்காது. ரோல் கட்டளையைத் தட்டினால் ஒன்றிலிருந்து நூறுக்குள் ஓர் எண் விழும், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அது தெரியும். பெரிய எண் யாருக்கோ அவர் முதலில். இதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் அவர் தவறானவர் அல்ல, போட்டிக்காரர். யார் முந்துகிறாரோ முந்தட்டும். நீ திட்டியவருக்கு ஒரு வரி எழுதி மன்னிப்புக் கேட்டுவிடு. விளக்கம் எதுவும் வேண்டாம், விளக்கினால் மறுபடி வாதமாகிவிடும். என்றைக்காவது உனக்கு அது கிடைத்தால், உடனே பொதுச் சேனலில் இத்தனை மணிக்கு டேம் ஆயிற்று என்று போட்டுவிடு. அது போன நேரத்திலிருந்துதான் அடுத்தது எழும் கணக்கு தொடங்குகிறது. அந்த ஒரு வரி தெரியாமல் பேசினின் மற்ற மூலைகளில் இன்னும் எத்தனையோ பேர் விழித்திருப்பார்கள். அவர்களில் எதிரணிக்காரர்களுக்கு நீ எழுதியது போய்ச் சேராது. அவர்கள் கண்ணில் படும்படி அந்தச் சிறுத்தையைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போ.

அன்புடன்,
அத்தை