எலும்பு வெளியே தெரிந்தால்

பைக் சறுக்கியோ டிராக்டர் கவிழ்ந்தோ கால் முறிந்து தோலும் கிழிந்துவிட்டால், எல்லோர் கண்ணும் எலும்பின் மேல்தான் போகும். ஆனால் காயத்துக்குள் போன மண்ணும் சாணமும்கூடக் காலைப் பறித்துவிடலாம். டெட்டனஸ் கிருமியும், தசையை அழுகவைக்கும் கிருமியும் அதில்தான் இருக்கின்றன.

செய்ய வேண்டியவை

• சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வையுங்கள்.

• காயத்தை மூடுமுன் செல்போனில் ஒரு படம் எடுங்கள். படம் இருந்தால், பார்க்க வருகிற ஒவ்வொரு டாக்டரும் கட்டை அவிழ்க்க வேண்டியதில்லை.

• கால் அசையாதபடி மட்டையோ அட்டையோ வைத்துக் கட்டுங்கள். 108-ஐ அழையுங்கள்.

• விழுந்த இடம் வயலா, சாக்கடையா, குளமா என்று டாக்டரிடம் சொல்லுங்கள். இவற்றில் விழுந்திருந்தால் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது.

• ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதையும் டெட்டனஸ் ஊசியையும் போட்டாயிற்றா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

• மஞ்சள், காப்பித்தூள், பச்சிலை எதுவும் வேண்டாம். வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். அழுக்கும் கூடவே போகும்.

• சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

• நாட்டுக் கட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கிழிந்த தோலின் மேல் இறுக்கிக் கட்டினால் உள்ளே அழுகும்.

• "இன்னும் தையல் போடலையா?" என்று டாக்டரை நெருக்காதீர்கள். உடனே தைக்காததன் காரணத்தை உறவினர்கள் புரிந்துகொண்டாலே பாதிச் சிக்கல் தீரும். கிள்ளினால் சுருங்காத, வெட்டினால் ரத்தம் வராத தசை செத்த தசை. அதை வெட்டி எடுத்தே ஆக வேண்டும். பிறகு லிட்டர் கணக்கில் உப்புநீர் விட்டுக் கழுவுவார்கள். மோசமான காயத்துக்கு 9 லிட்டர்வரைகூடப் போகும். இந்தியாவும் பங்கேற்று 2015-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், சோப்புக் கரைசலால் கழுவியவர்களுக்கே மறு அறுவை கூடுதலாகத் தேவைப்பட்டது. வெறும் உப்புநீரே நல்லது. அழுக்கு மிகுந்த காயத்தைத் திறந்தே வைத்து, இரண்டு நாளில் மறுபடி பார்த்துச் சுத்தம் செய்து, முடிந்தவரை 72 மணி நேரத்துக்குள் தசையோ தோலோ வைத்து மூடுவதுதான் சரியான முறை.

• புகைக்காதீர்கள். எலும்பு கூடத் தாமதமாகும்.

காய்ச்சல், நாற்றம், கட்டுக்குள் தாங்க முடியாத வலி, தோலை அழுத்தினால் நறநறப்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை ரவுண்ட்ஸ்வரை காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் டியூட்டி டாக்டரை எழுப்புங்கள்.