ஓய்வுக்காலத்திற்கு ஒரு மரவேலை: ஸ்க்ரோல் சா

பணி ஓய்வு பெற்ற முதல் மாதம் எல்லோருக்கும் இனிக்கத்தான் செய்கிறது. அலாரம் வைக்க வேண்டாம், பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். காலை பத்து மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் நடுவில் எவ்வளவு நீண்ட பொழுது இருக்கிறது என்பது மூன்றாவது மாதத்தில்தான் தெரிகிறது. செய்தித்தாளை இரண்டாம் முறை படிப்பதும், சமையலறைக்குள் போய்ச் சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று விசாரிப்பதும் அப்போதுதான் ஆரம்பமாகின்றன. "நீங்க ஆபீசுக்கே போய்க்கிட்டு இருந்திருக்கலாம்" என்று என் மனைவி சொன்ன அன்று, எனக்கு ஏதாவது ஒரு வேலை தேவை என்பது புரிந்தது.

முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். பேனாவைத் தவிர வேறு கருவியைப் பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் எனக்கு வேறொரு கவலையும் இருந்தது. பெங்களூரில் பிறந்த என் பேத்திக்கு அப்போது ஆறு வயது. தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்கத் தெரியாது. பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி ஆகிய மூன்றே அவளுக்குப் போதும் போதும் என்று இருந்தது. நான் எழுதிக் கொடுத்த தமிழ் அட்டைகளை இரண்டு நாளில் ஒதுக்கிவிட்டாள். கையில் எடுத்து அடுக்கி விளையாடும்படி எழுத்துகள் மரத்தில் இருந்தால் என்ன என்று தோன்றியது. இப்படித்தான் ஸ்க்ரோல் சா என் வீட்டுக்குள் வந்தது. வெளியூரில் வாழும் நம் உறுப்பினர்கள் பலருக்கும் இதே கவலை இருக்கும் என்பதால், கற்றுக்கொண்டதை ஒரு பாடமாக எழுதுகிறேன்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

ஸ்க்ரோல் சா என்பது மெல்லிய பிளேடு மேலும் கீழும் விரைந்து இயங்கி மரத்தை அறுக்கும் மேஜை இயந்திரம். (இதைச் 'சுருள்வாள்' என்று மொழிபெயர்த்தால் சிலம்பக்காரர்கள் சுழற்றும் ஆயுதத்தோடு குழம்பிவிடும். ஆகவே கடையில் கேட்கும் பெயரையே எழுதுகிறேன்.) பிளேடின் நீளம் சுமார் 5 அங்குலம். அகலம் மிகக் குறைவு. அதனால்தான் வளைவு, சுழி, குறுகிய மூலை எல்லாவற்றிலும் அது திரும்புகிறது. பெரும்பாலான இயந்திரங்களில் வேகத்தை நிமிடத்திற்கு 400 முதல் 1600 முறை வரை கூட்டிக் குறைக்கலாம். வட்ட ரம்பத்தைப் போல மரத்தைப் பிடித்து எறியும் முரட்டுத்தனம் இதற்கு இல்லை. எனவேதான் வயதானவர்களுக்கு ஏற்றது என்கிறார்கள்.

இதன் அண்ணன், கையால் இயக்கும் ஃபிரெட் சா. 'ப' வடிவச் சட்டத்தில் அதே மெல்லிய பிளேடைக் கட்டியிருப்பார்கள். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர் உலகப் படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின்படி அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிக்க விற்றார். ஜிக்சா புதிர் அப்படித்தான் தொடங்கியது. நம் பக்கத்திலேயே, மைசூரில், ஈட்டி மரத்தில் பல நிற மரத்துண்டுகளைப் பதிக்கும் கலைஞர்கள் அந்தத் துண்டுகளை இத்தகைய நுண்ணிய வாளால்தான் வடிவாக அறுத்தெடுக்கிறார்கள். முன்னாளில் தந்தம் பதித்தார்கள். தந்த வியாபாரம் சட்டப்படி தடைசெய்யப்பட்டபின் மரங்களின் இயற்கை நிறமே அந்த இடத்தைப் பிடித்தது. மஞ்சளுக்குப் பலா, கருமைக்கு ஈட்டி என்று அவர்கள் நிறம் பார்த்து மரம் தேர்வதைக் காண்பதே ஒரு படிப்பு.

முதலில் கைவாள், பிறகு இயந்திரம்

எடுத்தவுடன் இயந்திரம் வாங்க வேண்டாம். சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஃபிரெட் சாவில் ஒரு மாதம் பழகுங்கள். ஒரு பலகையின் முனையில் 'வி' வடிவில் வெட்டி, அதை மேஜையின் விளிம்புக்கு வெளியே நீட்டி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அந்த வெட்டின் மேல் மரத்தை வைத்து, வாளைச் செங்குத்தாகப் பிடித்து அறுக்க வேண்டும். பிளேடின் பற்கள் கைப்பிடியை நோக்கிக் கீழே பார்த்திருக்க வேண்டும். இழுக்கும்போதுதான் அறுக்கும். பிடித்திருந்தால் இயந்திரத்துக்குப் போகலாம். பிடிக்காவிட்டால் நஷ்டம் சிறிது.

பெங்களூரில் எஸ்.பி. ரோடு, மும்பையில் நாக்தேவி தெரு, தில்லியில் சாவ்ரி பஜார் போன்ற இடங்களில் கருவிக் கடைகள் பல உண்டு. இயந்திரத்தின் விலை பெரும்பாலும் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள்.

1. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்க வேண்டும்.
2. பிளேடின் இரு முனையிலும் குறுக்கு ஊசி உள்ளவை ஒரு வகை, ஊசி இல்லாத தட்டை முனை மற்றொரு வகை. தட்டை முனை பொருந்தும் இயந்திரமே நல்லது. மெல்லிய பிளேடுகள் அந்த வகையில்தான் அதிகம். ஊசி முனைக்குப் பெரிய ஓட்டை போட வேண்டியிருக்கும்.
3. அமெரிக்காவிலிருந்து மகனோ மகளோ இயந்திரம் கொண்டுவருவதாகச் சொன்னால் மின்சாரத்தைப் பற்றிக் கேளுங்கள். அங்கே 120 வோல்ட், 60 சைக்கிள். இங்கே 230 வோல்ட், 50 சைக்கிள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், சைக்கிளை மாற்றாது. சில வகை மோட்டார்கள் இங்கே மெதுவாக ஓடிச் சூடாகும்.

பிளேடுகளுக்கு எண் உண்டு. எண் ஏற ஏறப் பிளேடு தடிக்கும். 6 மி.மீ. பிளைவுட்டுக்கு 3-ம் எண், 12 மி.மீ. மரத்துக்கு 5-ம் எண் என்று தொடங்கலாம். டஜன் கணக்கில் வாங்குங்கள். முதல் நாள் நான் ஆறு பிளேடுகளை உடைத்தேன்.

மரத்துக்கு அலைய வேண்டாம். உங்கள் தெருவில் உள்தச்சு வேலை நடக்கும் வீட்டில் ஆசாரியிடம் கேட்டால் பிளைவுட் துண்டுகள் கிடைக்கும். பெட்டி கட்டிவரும் பைன் மரமும் அறுக்க எளிது. சன்னபட்டணத்துப் பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை மரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். ஈட்டியைத் தொட அவசரப்படாதீர்கள். விலையும் அதிகம், பிளேடையும் சீக்கிரம் மழுக்கும்.

முதல் பாடம்: ட, ப, ர

எழுத்தை 10 செ.மீ. உயரத்தில் தடித்த அச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தின் மேல் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் காகிதத்தைப் பசையால் ஒட்டுங்கள். வேலை முடிந்தபின் டேப்போடு காகிதமும் உரிந்து வந்துவிடும்.

பிளேடைப் பற்கள் கீழ்நோக்கி இருக்குமாறு மாட்டி இறுக்குங்கள். விரலால் சுண்டினால் வீணைத் தந்தி போலத் தெளிவான ஒலி வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் இன்னும் இறுக்குங்கள். தொய்ந்த பிளேடு கோட்டை விட்டு ஓடும்.

மரத்தைத் தள்ளாதீர்கள். இரண்டு கைகளாலும் மெல்ல நடத்திக் கொடுத்தால் போதும். கோட்டின் மேல் அறுக்காமல், கோட்டுக்கு வெளியே ஒரு மயிரிழை விட்டு அறுங்கள். நேர்கோடு வளைந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலான பிளேடுகள் ஒரு பக்கம் சற்று இழுக்கும். அதற்கு ஏற்ப மரத்தைச் சாய்த்துப் பிடிக்கக் கை தானே கற்றுக்கொள்ளும். மூலை வந்ததும் முன்னே செலுத்துவதை நிறுத்தி, பிளேடு நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, மரத்தை மட்டும் திருப்புங்கள். 'ட'வில் இதைப் பழகிவிட்டால் பாதி வித்தை கைவசம்.

இரண்டாம் பாடம்: க, ச, த, ம

இவற்றில் மூடிய கண் உண்டு. வெளியிலிருந்து பிளேடு உள்ளே போக வழியில்லை. கண்ணின் நடுவில் 2 மி.மீ. ஓட்டை போடுங்கள். அடியில் ஒரு வீண் பலகையை வைத்துப் போட்டால் கீழ்ப்புறம் சிலும்பாது. பிளேடின் மேல்முனையைக் கழற்றி, ஓட்டையில் நுழைத்து, மீண்டும் மாட்டி இறுக்கி, கண்ணை அறுத்தெடுங்கள்.

எப்போதும் உள்வெட்டு முதலில், வெளிவெட்டு கடைசியில். வெளியே மரம் முழுதாக இருக்கும்வரை பிடித்துக்கொள்ள இடம் இருக்கும். நான் தலைகீழாகச் செய்து ஒரு 'ம'வை இரண்டாக ஒடித்தேன்.

'அம்மா', 'அப்பா', 'அக்கா' எல்லாவற்றிலும் ஒரே எழுத்து இருமுறை வருகிறது. எனவே ஒவ்வொன்றிலும் இரண்டாவது வேண்டும். இரண்டு 6 மி.மீ. பலகைகளை இருபுறமும் ஒட்டும் டேப்பால் சேர்த்து ஒரேயடியாக அறுத்தால் இரட்டையர் பிறப்பார்கள்.

மூன்றாம் பாடம்: புள்ளியும் காலும்

மரத்தில் அறுக்கும்போதுதான் நம் எழுத்தின் அமைப்பு புலப்படுகிறது. 'க்' என்று வரைந்து அறுத்தால் புள்ளி தனியே கீழே விழும். 'கா'வில் கால் தனியே நிற்கும். முதலில் இது தொல்லை என்று நினைத்தேன். பிறகுதான் இதுவே வசதி என்று கண்டேன். ஒரு 'க'வும், புள்ளி, கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகிய ஐந்து துண்டுகளும் இருந்தால் க், க, கா, கெ, கே, கை, கொ, கோ வரை அடுக்கலாம். 'ள'வைச் சேர்த்தால் கௌ. கி, கீ, கு, கூ நான்கை மட்டும் தனியே அறுக்க வேண்டும். ணா, றா, னா, லை, னை முதலியவற்றுக்கு முன்பு தனி வடிவங்கள் இருந்தன. 1978-ல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் அவற்றுக்கும் இதே காலும் கொம்பும் பொருந்துகின்றன.

கணக்குப் பிரிவின் பழக்கம் விடவில்லை, கூட்டிப் பார்த்தேன். 'ஔ' நீங்கலாக உயிர் 11, ஆய்தம் 1, அகரமெய் 18, இகர ஈகார உகர ஊகார வரிசை 72, துணைத் துண்டுகள் 5. ஆக 107 வடிவங்களில் 247 எழுத்துகளும் அடக்கம். ஆய்தத்துக்கு மூன்று துண்டுகள் வேண்டாம். ஒரு பலகையில் மூன்று ஓட்டைகள் போட்டால் போதும்.

நாளுக்கு ஒன்று என்று அறுத்தால் நான்கு மாதத்திற்குள் முடியும். எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

கவனிக்க வேண்டியவை

கண்ணாடி அணிந்தே அறுங்கள், பிளேடு உடைந்தால் தெறிக்கும். மூக்கை மூடும் நல்ல முகக்கவசம் அவசியம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்றாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே பால்கனி போன்ற காற்றோட்டமான இடம் நல்லது. மேல்துண்டு, தொங்கும் சட்டைக்கை கூடாது. பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அரைமணி அறுத்தால் பத்து நிமிடம் ஓய்வு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் இயந்திரத்தின் அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். கீழ்வீட்டாரின் பகல் தூக்கத்தையும் மதியுங்கள்.

அறுத்த எழுத்தை 120, பிறகு 220 எண் உப்புத்தாளால் விளிம்பு உறுத்தாமல் தேயுங்கள். வண்ணம் பூசினால் ஈயம் கலக்காதது என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் சிறு புள்ளி ஆபத்து, விழுங்கிவிடும். நான் 4 செ.மீ. வட்டமாக அறுத்தேன். பார்க்கச் சற்றுப் பெரிதுதான், பாதகமில்லை.

பேத்தி என்ன சொன்னாள்?

முதலில் எழுத்துகளைக் கோட்டைச் சுவராக அடுக்கித்தான் விளையாடினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பெயர் கேட்டாள். ஒருநாள் ம, ர, ம, புள்ளி என்று அடுக்கி, "மரம்" என்று தானே வாசித்தாள். அடுத்த வாரம் ஒரு புள்ளி பீரோவுக்கு அடியில் எங்கோ போய்விட்டது. "பரவாயில்லை, இருப்பதாக நினைத்துக்கொள்" என்றேன்.

"அதெப்படி தாத்தா? புள்ளி இல்லேன்னா இது மரம் இல்ல, 'மரம'. தப்பு" என்றாள்.

அன்று மாலையே புதுப் புள்ளி அறுத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. இத்தனை ஆண்டுகளில் என் வேலையை இவ்வளவு சரியாகத் தணிக்கை செய்தவர் யாருமில்லை.

உங்கள் வீட்டிலும் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவே பொழுது இருக்கும். ஒரு துண்டுப் பலகையும் ஒரு கைவாளும் வாங்கி, இந்த வாரம் ஒரே ஒரு 'ட' அறுத்துப் பாருங்கள். கோணலாகத்தான் வரும். அதைத் தூக்கி எறியாதீர்கள். ஐம்பதாவது எழுத்து முடிந்ததும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.