பதிவில் இல்லாத மூதாதையர்



இங்கிலாந்தின் அரசாங்கச் சபையாகிய ஆங்கிலிக்கன் சபையில் சேராதிருந்த தங்கள் முன்னோரைத் தேடுகிறவர்கள், அவ்வூர்ப் பங்கின் ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர் காணாமல் சோர்ந்துபோகிறார்கள். பாப்டிஸ்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. குவேக்கர்களுக்கோ ஞானஸ்நானமே கிடையாது. பெயர் இல்லையென்பதால் குடும்பமே இல்லையென்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

விவாகப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 1754 முதல் 1837 வரை, குவேக்கரும் யூதரும் தவிர மற்றெல்லாரும் ஆங்கிலிக்கன் கோவிலில் மணந்தால்தான் சட்டப்படி செல்லும். நம் கத்தோலிக்கரும் அப்படியே. மனச்சாட்சிக்கு எவ்வளவு சங்கடம்!

இதைவிட மேலான சாட்சி உயில். 1858 வரை உயில்களை ஊர்ஜிதம் செய்தவை பெரும்பாலும் ஆங்கிலிக்கன் சபையின் நீதிஸ்தலங்களே. ஆகையால் அச்சபையை மறுத்தவனுடைய உயிலும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. கான்டர்பரி அதிமேற்றிராணியாரின் நீதிஸ்தலத்து உயில்கள் இன்று லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஞானஸ்நானப் புத்தகம் அறியாத பிள்ளைகளைத் தகப்பன் அதிலே பெயர் சொல்லி, மணமான மகளைப் புகுந்த வீட்டுப் பெயரோடு குறித்திருப்பான். தன் போதகருக்குச் சிறு தொகை எழுதிவைத்திருந்தால், அவன் எந்தச் சபையென்பதும் வெளியாகும்.

மனைவியின் உயிலைத் தேடி அலையவேண்டாம். அந்நாளில் கணவன் சம்மதமின்றி அவள் எழுத முடியாது. விதவையான பின் எழுதியிருந்தால் அவசியம் வாசியுங்கள். பேரப்பிள்ளைகளின் பெயர்களும் அதில் அகப்படக்கூடும்.