நெஞ்சு நோவும் வாடகைக்காரும்



இவ்விதழின் அறிவுப் பக்கத்துக்கு வைத்தியம் சம்பந்தமாக ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது நாம் சற்றுத் தயங்கினோம். நாம் வைத்தியர் அல்லர், கணக்காளர். ஆயினும் அவசர சிகிச்சை பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. அவற்றிற் பெரும்பாகம் கணக்குத்தான். பணத்துக்குப் பதிலாக நிமிடங்களை வைத்து வரவு செலவு பார்க்கிறார்கள். அந்தத் துணிவில் எழுதுகிறோம்.

முதலில் ஒரு சம்பவம். ஊரைவிட்டு வெளியேறி வந்த தொடக்க காலத்தில் அபுதாபிக்கு அருகே முசஃபாவில் ஓர் அறையில் ஐந்து பேராக இருந்தோம். ஒருவர் மட்டக்களப்பைச் சேர்ந்த அண்ணர், வயது நாற்பத்தாறு, கட்டட வேலைத்தலத்தில் சாரம் கட்டுபவர். ஒரு வெள்ளி இரவு இரண்டு மணிபோல் எழும்பி நெஞ்சு இறுக்குகிறது என்றார். வாயு என்று எல்லோருமாகத் தீர்மானித்தோம். ஒருவர் இஞ்சி அவித்துக் கொடுத்தார். இன்னொருவர் முதுகில் தைலம் தேய்த்தார். வியர்வை நிற்கவில்லை. நாலரை மணிக்குத்தான் கீழே இறங்கி வாடகைக்கார் தேடினோம். அது போய் நின்றது கிட்ட இருந்த ஒரு சிறு கிளினிக்கில். அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். உரிய சிகிச்சை தொடங்கியபோது ஆறு மணியாகிவிட்டது. அதாவது நான்கு மணித்தியாலம். அந்த நான்கில் வைத்தியசாலை எடுத்தது மிகச் சொற்பம். மிச்சம் முழுவதும் எமது கணக்கில் எழுதவேண்டியது.

நான்கு மணித்தியாலம் ஏன் பெரிது? மாரடைப்பு என்பது இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று இரத்தக்கட்டியால் அடைபடுவது. அடைபட்ட நேரத்திலிருந்து தசை சிறிது சிறிதாகச் சாகிறது. செத்தது திரும்ப முளைக்காது. கட்டியைக் கரைத்தால் உயிர் மிஞ்சுமா என்பதை அறிய இத்தாலியில் 11,806 நோயாளரைச் சீட்டுக் குலுக்கியது போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாத்திரம் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1986 இல் முடிவு வெளியாயிற்று. நோவு தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து பெற்றவர்களிடையே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆறு மணித்தியாலம் கடந்து பெற்றவர்களிடம் சொல்லத்தக்க பயன் காணப்படவில்லை. மருந்து ஒன்றே, நேரம்தான் வேறு. 1988 இல் வெளியான இன்னொரு பெரும் ஆய்வில் 17,187 பேர். சாதாரண அஸ்பிரின் குளிசை மாத்திரமே இறப்பை நாலில் ஒரு பங்களவு குறைத்தது என்று அது காட்டியது. சில சதத்துக்கு வாங்கும் குளிசை!

எல்லா ஆய்வும் புதிய மருந்து தேடுவதல்ல என்பதையும் சொல்லவேண்டும். வழக்கத்தில் இருப்பது உண்மையில் உதவுகிறதா என்று பார்ப்பதும் ஆய்வே. நோயாளிக்கு மூக்கில் ஒட்சிசன் வைக்கவில்லை என்று தாதிமாருடன் சண்டைக்குப் போன உறவினரை நாம் கண்டிருக்கிறோம். சுவீடனில் 6,629 பேரை வைத்துப் பரிசோதித்து 2017 இல் வெளியிட்டார்கள்: இரத்தத்தில் ஒட்சிசன் போதியளவு உள்ள மாரடைப்பு நோயாளருக்கு அதை மேலதிகமாகக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஓராண்டு இறப்பு வீதம் ஒன்றாகவே இருந்தது. ஆகவே குழாய் இல்லையென்றால் கவனிப்பு இல்லை என்று எண்ணவேண்டாம்.

இனி வளைகுடாவுக்கு வருவோம். இங்கே 2008 ஒக்டோபர் முதல் 2009 ஜூன் வரை பஹ்ரெய்ன், சவூதி அரேபியா, கட்டார், ஓமான், ஐக்கிய அரபு அமீரகம், யேமன் ஆகிய ஆறு நாடுகளின் 65 வைத்தியசாலைகளில் ஒரு பெரும் பதிவேடு வைத்தார்கள். இருதயக் குழாய் அடைப்போடு வந்த 7,930 பேரையும் வரிசையாகப் பதிந்து, ஒரு மாதத்தின் பின்னும் ஓராண்டின் பின்னும் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். 'கல்ஃப் ரேஸ் இரண்டு' என்று அதற்குப் பெயர். கணக்காளருக்கு இது பிடித்தமான வேலை. எங்கே ஒழுகுகிறது என்பது பேரேட்டில் பதியாமல் தெரியாது அல்லவா? மேலைநாடுகளோடு ஒப்பிடுகையில் இங்குள்ள நோயாளர் மிக இளையவர்கள் என்பது இந்தப் பதிவேடுகளால் உறுதியாயிற்று. உழைத்து ஊருக்கு அனுப்புகிற வயது அது.

எமக்கு நேரே பட்டது 2016 இல் வெளிவந்த அபுதாபி ஆய்வு. எட்வர்ட் கலாகனும் உடன் ஆய்வாளரும் அபுதாபியின் நான்கு அரசாங்க வைத்தியசாலைகளில், பெருங்குழாய் முற்றாக அடைபடும் கடுமையான மாரடைப்போடு வந்த 587 பேரைக் கேட்டுப் பதிந்தார்கள். சராசரி வயது 51. அம்புலன்ஸில் வந்தவர்கள் நூற்றுக்கு 15 பேர்தான். மற்ற 85 பேரும் சொந்தக்கார், சினேகிதர் கார், வாடகைக்கார் என்று வந்தவர்கள். அம்புலன்ஸுக்கு எந்த இலக்கத்தை அழைப்பது என்று 55 பேருக்குத் தெரியாது. ஏன் அழைக்கவில்லை என்று கேட்டால், காரில் போனால் கெதியாகப் போகலாம் என்பதே பலரின் மறுமொழி. பலர், இது இருதயத்து நோவு என்றே நினைக்கவில்லை. அன்றிரவு அந்த அறையில் இருந்த ஐந்து பேரும் இந்த அட்டவணையின் எல்லாக் கட்டங்களிலும் இருக்கிறோம். ஒருவர் பட்டதாரி, ஒருவர் முன்னாள் ஆசிரியர். இலக்கம் ஒருவருக்கும் தெரியாது.

காரில் கெதியாகப் போகலாம் என்பதிற் பிழை எங்கே? அம்புலன்ஸை நாம் ஒரு வாகனமாக எண்ணுகிறோம். உண்மையில் அது வாசலுக்கு வரும் வைத்தியசாலையின் முதல் அறை. அதில் இருதய மின்பதிவு, அதாவது ஈசிஜி, எடுக்கலாம்; முன்கூட்டியே வைத்தியசாலைக்கு அறிவிக்கலாம். கிட்ட உள்ள கிளினிக்குக்கு அல்லாமல், குழாயை ஊதித் திறக்கும் வசதி உள்ள இடத்துக்கே கொண்டுபோவார்கள். இருதயம் வழியில் நின்றுபோனால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியும் கையில் இருக்கும். வாடகைக்காரின் பின்னாசனத்தில் நின்றுபோனால் சாரதி என்ன செய்வார், பாவம்?

பதிவேட்டை மேலோட்டமாகப் படிப்பவர் இங்கே இடறவும் கூடும். அம்புலன்ஸில் வந்தவர்களில் மோசமான நிலையில் உள்ளவர்கள் அதிகம். மயங்கி விழுந்தவருக்குத்தான் அழைக்கிறார்கள். ஆகவே இறப்பை மாத்திரம் ஒப்பிட்டு அம்புலன்ஸால் பயனில்லை என்று முடிவு கட்டுவது, கடனாளிகளே வங்கிக்கு அதிகம் போகிறார்கள், ஆகவே வங்கியாற்றான் கடன் வருகிறது என்பது போலாகும்.

ஒழுங்கு செய்தால் நிலைமை மாறும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. வைத்தியர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி ஆகியோரின் முயற்சியில் 2012 முதல் 2014 வரை, வசதியுள்ள வைத்தியசாலைகளை மையமாகவும் சுற்றியுள்ள சிறு வைத்தியசாலைகளைக் கிளைகளாகவும் வைத்து, 108 அம்புலன்ஸால் அவற்றைப் பிணைத்தார்கள். கிளையில் கட்டி கரைக்கும் மருந்து. பின் மையத்துக்கு ஏற்றிச் சென்று குழாயைப் படம் பிடித்துத் திறப்பது. ஒழுங்குக்கு முன் வந்த 898 பேரையும் பின் வந்த 1,522 பேரையும் ஒப்பிட்டபோது, ஓராண்டு இறப்பு நூற்றுக்கு 17.6 இலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை, இருந்ததைக் கோத்தார்கள்.

எமது ஊரிலும் 2016 இல் இந்திய உதவியோடு 'சுவ செரிய' இலவச அம்புலன்ஸ் தொடங்கி, 2018 இல் வடக்குக்கும் வந்தது. இலக்கம் 1990. எம்மவருக்கு அந்த எண் வேறு நினைவுகளைக் கொண்டுவரும். மறக்காது என்பது மாத்திரம் நிச்சயம்.

மண்டபத்தில் ஒருவர் சாய்ந்து விழுந்து, கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் சரியாக இல்லையென்றால், முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்பதில் நேரம் போக்கலாகாது. ஒருவர் அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவே இரு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்தவேண்டும். டுபாயும் ஆறு ஆசிய நாடுகளும் சேர்ந்து 2009 முதல் 2012 வரை பதிந்த ஆய்வில், அருகில் நின்றவர் இப்படி அழுத்தியது நாட்டுக்கு நாடு நூற்றுக்கு 10.5 முதல் 40.9 வரை வேறுபட்டது. கைவைத்தால் பொலிஸ் வழக்கு வருமோ என்ற பயம் எம்மவரிடம் உண்டு. நல்லெண்ணத்தோடு உதவியவரைத் தண்டிப்பதில்லை என்று அமீரகம் 2020 நவம்பரில் சட்டத்தைத் திருத்தி அறிவித்திருக்கிறது.

நோவு எப்போதும் நெஞ்சில்தான் வரும் என்றும் இல்லை. நீரிழிவுக்காரருக்கும் பெண்களுக்கும் மூச்சுத்திணறல், வாந்தி, தாடை நோவு, காரணமற்ற களைப்பு என்று வரலாம். எமது அக்காமார் சமையல் முடியட்டும் என்று பொறுத்துக்கொள்வார்கள். அவர்களை வீட்டிலுள்ளோர் கவனிக்கவேண்டும். அஸ்பிரின் ஒவ்வாதவர்களும் உண்டு என்பதால், அம்புலன்ஸ் இலக்கத்தில் கதைப்பவரிடம் கேட்டபின் கொடுங்கள்.

இலக்கங்கள்: அமீரகத்தில் 998, கட்டாரிலும் பஹ்ரெய்னிலும் 999, குவைத்தில் 112, ஓமானில் 9999, சவூதியில் 997. கட்டடத்தின் பெயர், மாடி, அருகிலுள்ள கடை ஆகியவற்றையும் அதே தாளில் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த விலாசமே வாயில் வராது. ஆங்கிலப் பக்கத்திலும் இந்த இலக்கங்கள் உள்ளன. பிள்ளைகளிடம் வெட்டி ஒட்டச் சொல்லலாம்.

மட்டக்களப்பு அண்ணர் பிழைத்தார். ஆனால் இருதயத்தின் ஒரு பகுதி திரும்பவில்லை; ஏணியில் ஏறமுடியாமற் போனதால் மூன்று மாதத்தில் ஊர் திரும்பினார். இப்போது வீட்டு முற்றத்தில் ஒரு சிறு கடை வைத்திருக்கிறார். போன தைப்பொங்கலுக்கு ரெலிபோனில் கதைத்தபோது, கடைச் சுவரில் 1990 என்று பெரிதாக எழுதி வைத்திருப்பதாகவும், அது என்ன ஆண்டுக் கணக்கு என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பதாகவும் சொல்லிச் சிரித்தார்.