மெழுகுவர்த்தி: கைவேலைச் சரக்கும் இயந்திரச் சரக்கும்

மளிகைக் கடையில் மெழுகுவர்த்தி ஒரு சின்னச் சரக்கு. அரிசி, பருப்பு, எண்ணெய் விலைக்கு நாம் தினமும் கொடுக்கும் கவனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்குக் கொடுப்பதில்லை. தீப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் கிடக்கும். கேட்டால் எடுத்துக் கொடுப்போம். 2012-ல் மின்வெட்டு கடுமையாக இருந்த காலத்தில் எதைக் கொண்டுவந்து இறக்கினாலும் அன்றைக்கே விற்றது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபிறகு டெல்டா மாவட்டங்களிலும் அப்படித்தான். வளைந்தது, ஒழுகுவது, புகைவது எல்லாமே காசாயிற்று. இன்று நிலைமை வேறு. இன்வெர்ட்டரும் எல்.இ.டி. விளக்கும் வந்துவிட்டன. வாங்குகிறவர்கள் குறைவு, வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குகிறார்கள். ஆகவே இந்தச் சரக்கைப் பற்றி நாமும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கைவேலைச் சரக்கு என்றால் மட்டம், கம்பெனிச் சரக்கு என்றால் உசத்தி என்று நம் உறுப்பினர்களில் பலர் நினைக்கிறார்கள். பெரிய நகரத்துக் கடைகளிலோ கதை தலைகீழ். அங்கே மணம் சேர்த்து, கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, கையால் செய்தது என்று சீட்டு ஒட்டினால் பல மடங்கு விலை போகிறது. இரண்டுமே சரியான கணக்கு அல்ல. மெழுகு எது, திரி எது, எடை எவ்வளவு என்ற மூன்றையும் பார்த்துத்தான் மெழுகுவர்த்தியின் தரத்தைச் சொல்ல முடியும்.

முதலில் செய்முறையைப் பார்ப்போம். நம் பக்கத்தில் கைவேலை என்பது பெரும்பாலும் வீட்டுப் பின்கட்டில், இரண்டாகத் திறக்கும் அலுமினிய அச்சில் ஊற்றுவது. அச்சின் உட்புறம் எண்ணெய் தடவி, நூல் திரியை இழுத்துக் கட்டி, அச்சை மூடி, உருக்கிய மெழுகை மேலிருந்து ஊற்றுவார்கள். பிறகு அச்சைத் தண்ணீரில் வைத்து ஆறவிட்டு, திறந்து எடுத்து, அடியைச் சமமாக வெட்டுவார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. பாரபின் மெழுகு உறையும்போது நன்றாகச் சுருங்கும். ஊற்றிய வாய்ப்பக்கத்தில் திரியைச் சுற்றிக் குழி விழும். நல்ல தொழிலாளி சற்றுப் பொறுத்து அந்தக் குழியை இரண்டாம் முறை ஊற்றி நிரப்புவார். அவசரக்காரர் அப்படியே விட்டுவிடுவார். மெழுகுவர்த்தியைத் தலைகீழாகத்தான் ஊற்றுகிறார்கள். ஆகவே குழி இருந்தால் அது அடிப்பக்கத்தில்தான் இருக்கும். பாக்கெட்டைத் திருப்பி அடியைப் பார்த்தாலே வேலையின் யோக்கியதை தெரிந்துவிடும். திரியைத் தொய்வாகக் கட்டியிருந்தால் அது நடுவில் நிற்காது. ஒரு பக்கமாக எரிந்து, அந்தப் பக்கம் உடைத்துக்கொண்டு ஒழுகும்.

இயந்திர வேலையில் இந்த இரண்டு குறையும் அநேகமாக வராது. 1834-ல் இங்கிலாந்தில் ஜோசப் மார்கன் என்பவர் செய்த இயந்திரத்தின் வழிதான் அச்சு வார்க்கும் ஆலைகளில் இன்றும் அடிப்படை. வரிசையாகக் குழாய் அச்சுகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பிஸ்டன், சுற்றிலும் தண்ணீர். உறைந்த மெழுகுவர்த்திகளைப் பிஸ்டன் மேலே தள்ளும்போது, கீழே சுருளில் இருக்கும் திரி தானாக அச்சுக்குள் ஏறிக்கொள்ளும். அதனால் திரி எப்போதும் இழுத்துக் கட்டியபடி நடுவிலேயே நிற்கிறது. இன்னொரு வகையும் உண்டு. மெழுகைத் தூளாக்கி, அதை அழுத்தத்தில் இறுக்கிச் செய்வது. ஆறும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதால் வேலை வேகம். அலுமினியக் கிண்ணத்தில் வரும் சிறு வட்ட மெழுகு விளக்குகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். இதிலும் குறை இல்லாமல் இல்லை. சரியாக இறுகாத சரக்கு உதிரும், பொறுக்குப் பொறுக்காகப் பெயரும்.

அடுத்தது மெழுகு. நமக்கு வருவது பெரும்பாலும் பெட்ரோலிய சுத்திகரிப்பில் கிடைக்கும் பாரபின் மெழுகு. அசாமில் திக்பாய் ஆலையும், சென்னையில் மணலி ஆலையும் இதற்குப் பெயர் பெற்றவை. முழுதாகச் சுத்தம் செய்த மெழுகில் எண்ணெய்ப் பசை அரை சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும். அரைகுறையாகச் சுத்தம் செய்ததில் அதிகம் இருக்கும், விலையும் குறைவு. எண்ணெய்ப் பசை மிகுந்த மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்தால் பிசுபிசுக்கும், வெயிலில் வியர்க்கும், எரிந்தால் புகையும். விரல் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். நல்ல மெழுகு வெள்ளைத் தூளாக வரும். மட்ட மெழுகு களிம்புபோல் வழியும். ஸ்டீரிக் ஆசிட் கொஞ்சம் சேர்த்தால் கடினமும் வெண்மையும் கூடும், அச்சிலிருந்தும் சுலபமாகக் கழன்று வரும். கைவேலைக்காரர்களில் தொழில் தெரிந்தவர்கள் இதைச் சேர்க்காமல் ஊற்றுவதில்லை.

இனி எடை. நம்மில் பெரும்பாலோர் ஏமாறுவது இதில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 சென்டிமீட்டர் நீளம், 16 மில்லிமீட்டர் கனம் உள்ள மெழுகுவர்த்தி சுமார் 27 கிராம் இருக்கும். அதே நீளத்தில் கனத்தை 14 மில்லிமீட்டராகக் குறைத்தால் எடை சுமார் 21 கிராம்தான். கனத்தில் இரண்டு மில்லிமீட்டர் குறைவு கண்ணுக்குத் தெரியாது. எடையிலோ கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடுகிறது. மணிக்கு 6 கிராம் எரிவதாக வைத்துக்கொண்டால் முதலாவது நாலரை மணி நேரம் எரியும், இரண்டாவது மூன்றரை மணி நேரம். கனமானது 5 ரூபாய்க்கும், மெலிந்தது நாலரை ரூபாய்க்கும் கிடைத்தால் நாம் மெலிந்ததைத்தான் வாங்குவோம், பத்து சதவீதம் மிச்சம் என்று. ஆனால் ஒரு மணி நேர வெளிச்சத்துக்கு வாடிக்கையாளர் கொடுப்பது முதலாவதில் 1 ரூபாய் 11 காசு, இரண்டாவதில் 1 ரூபாய் 29 காசு. மலிவாக வாங்கியதாக நினைத்தோம். அவருக்கு விலை கூடிய சரக்கை விற்றிருக்கிறோம். மின்சாரம் வருவதற்குள் விளக்கு அணைந்த வீட்டுக்காரர் யாரைச் சொல்வார்? செய்தவரை அவருக்குத் தெரியாது. கடைக்காரரைத்தான் சொல்வார்.

ஆகவே மெழுகுவர்த்தியை எண்ணி வாங்காதீர்கள், நிறுத்து வாங்குங்கள். ஒன்றை நிறுத்தால் கடைத் தராசில் சரியாகத் தெரியாது. பத்தைச் சேர்த்து வைத்து நிறுங்கள். புதிய சரக்கு வந்ததும் ஒன்றை எடுத்து, காற்றாடி இல்லாத இடத்தில் ஒரு தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். தட்டில் வழிந்து உறைந்த மெழுகு எவ்வளவோ அவ்வளவும் வெளிச்சம் தராமல் வீணான காசு. சுடர் குதித்துப் புகைந்தால் மெழுகின் அளவுக்குத் திரி பெரிது. சுடர் சுருங்கி, மெழுகு குளமாகத் தேங்கி வழிந்தால் திரி சிறிது. திரியின் முனையில் கரிக்கட்டி பூத்தாலும் திரி பொருந்தவில்லை என்று கொள்ளலாம். பின்னிய திரிக்கு ஒரு குணம் உண்டு. எரியும்போது முனை ஒரு பக்கம் வளைந்து, சுடரின் ஓரத்துக்குப் போய்த் தானே சாம்பலாகிவிடும். வெறும் முறுக்கு நூல் நேராக நின்று நீண்டுகொண்டே போகும், கத்தரிக்க வேண்டும். கைவேலைக்காரர்களிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, திரி பின்னியதா முறுக்கியதா என்பதுதான். மெழுகு செலவைப் பார்க்கும்போது திரியின் செலவு ஒன்றுமே இல்லை. அதில் மிச்சம் பிடிப்பது உப்புக்குப் பார்த்து ஊறுகாயைக் கெடுத்த கதை.

வெளிச்சத்துக்கு வாங்கும் சாதாரண பாக்கெட்டில் இயந்திரச் சரக்கு வசதியானது. ஒரே எடை, ஒரே நீளம், அடுக்க எளிது, கேட்டவுடன் கிடைக்கும். ஆனால் திருவிழாச் சரக்கில் கைவேலையை எந்த ஆலையும் தொட முடியாது. வேளாங்கண்ணியில் ஆள் உயரத்துக்கு நேர்ந்துகொண்டு வாங்கும் மெழுகுவர்த்தியை யார் இயந்திரத்தில் வார்ப்பார்கள்? கோயில் பீடத்துக்கு இந்தக் கனம், இந்த நீளம் என்று பங்கிலிருந்து கேட்டால் பத்து நாளில் செய்து தருவது கைவேலைக்காரர்தான். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெலிந்த மெழுகுவர்த்தி கட்டுக்கட்டாகப் போகும். அங்கே எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதைவிட எத்தனை கல்லறையில் ஏற்றலாம் என்பதுதான் கணக்கு. காற்றில் அணையாமல் இருக்கச் சற்றுத் தடித்த திரி வேண்டும். அதைச் சொல்லிச் செய்யவைக்கலாம். ஆலையில் இப்படி நூறு கட்டுக்காகத் திரியை மாற்றித் தரமாட்டார்கள்.

இந்தக் கைவேலைச் சரக்கு மெலிந்துபோனதில் நம் பங்கும் உண்டு. மெழுகை இவர்கள் ரொக்கம் கொடுத்து, சில்லரையாக வாங்குகிறார்கள். நாம் கடனுக்கு வாங்கி, அறுபது நாள், எழுபது நாள் என்று இழுக்கிறோம். அதன்மேல் விலையையும் குறைக்கச் சொல்கிறோம். "அண்ணாச்சி, இந்த விலைக்கு இந்தக் கனம்தான் வரும்" என்று எங்கள் கடையில் ஒரு அம்மா நேராகவே சொன்னார். அவர் சொன்னது நியாயம். சொல்லாதவர்கள் சத்தமில்லாமல் சின்ன அச்சுக்கு மாறிவிடுகிறார்கள், அல்லது மட்ட மெழுகைக் கலக்கிறார்கள். பிறகு கைவேலைச் சரக்கே இப்படித்தான் என்று நாமே பேசிக்கொள்கிறோம்.

சட்டமும் இப்போது சும்மா இல்லை. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழிலிடம் வாங்கிய சரக்குக்கு எழுத்து மூலம் தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். 2023-ம் ஆண்டு நிதிச் சட்டம் இதை வருமான வரியோடும் முடிச்சுப் போட்டது. உற்பத்தி செய்யும் குறு, சிறு தொழிலுக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காமல் ஆண்டுக் கணக்கை முடித்தால், அந்தக் கொள்முதலை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். மெழுகுவர்த்தி செய்பவர் உத்யம் பதிவு வைத்திருக்கிறாரா என்று கேட்டு, பில்லில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட் விஷயத்திலும் கவனம் வேண்டும். 2011-ம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிப்படி தயாரித்தவர் பெயர், முகவரி, அளவு, தயாரித்த மாதம், வருடம், அதிகபட்ச சில்லரை விலை ஆகியவை பாக்கெட்டில் இருக்க வேண்டும். கைவேலைப் பாக்கெட்டுகள் பல வெறும் பாலிதீனில் வருகின்றன. சோதனைக்கு வந்தால் அபராதம் விற்கிற நமக்கும்தான். ஒரு சீட்டு அச்சடித்துக்கொள்ளச் சொல்லலாம். முடியாதவர்களுக்கு நாமே உதவலாம், பெரிய செலவு இல்லை.

இருப்பு வைப்பதில் இரண்டு சரக்குக்கும் ஒரே விதிதான். மெழுகு உருகுவது 58, 60 டிகிரியில் என்றாலும் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். சித்திரை, வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், மேல்தட்டில் வைத்தால் வளையாமல் இருக்காது. படுக்கை வசமாக, கீழ்த்தட்டில், சுவரைத் தொடாமல் வையுங்கள். வண்ண மெழுகுவர்த்தியைக் கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி வைத்தால் நிறம் வெளிறிவிடும். மணம் சேர்த்ததைத் தேயிலை, பிஸ்கட் பக்கத்தில் வைக்கவே கூடாது. மழைக்காலத்தில் திரியில் ஈரம் ஏறினால் சடசடவென்று பொரியும். பாக்கெட்டைப் பிரித்து வைக்காதீர்கள். எலிக்கும் இதன்மேல் ஒரு கண் உண்டு.

கைவேலைக்காரரிடம் திருவிழாச் சரக்கு சொல்வதானால் ஆடி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். ஆவணியில் வேளாங்கண்ணி வேலை வந்துவிடும். ஐப்பசி மழையில் மெழுகு மூட்டை வருவதும் தாமதம். கனத்தையும் எடையையும் ஒரு சீட்டில் எழுதி, மாதிரிக்கு ஒரு மெழுகுவர்த்தியோடு கொடுத்து, முன்பணமாக மெழுகு வாங்கும் அளவுக்காவது கொடுங்கள். சரக்கு வந்ததும் அந்த மாதிரியை எடுத்து வைத்து, பத்தைச் சேர்த்து நிறுத்துப் பாருங்கள்.