பாட்டி பாட்டு இலக்கியமா?

கேள்வி: தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நிறைய பாட்டுக் கட்டுவார். அதையும் இலக்கியம் என்று சொல்லலாமா? மருந்துக் கம்பெனிக்காரர் தரும் தாளைக்கூட ‘லிட்ரேச்சர்’ என்கிறார்களே!
– வாசகி, ரந்தாவ், நெகிரி செம்பிலான்

பதில்: தாராளமாகச் சொல்லலாம், அம்மா. ‘லிட்ரேச்சர்’ என்பது ‘எழுத்து’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் பிறந்தது. அதனால் அச்சிட்ட மருந்துத் தாளும் அதில் அடங்கிவிடுகிறது. ஒரு துறையில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளும் அடங்கிவிடுகின்றன. மலாய்க்காரர்களின் ‘சஸ்த்ரா’ சாஸ்திரம் என்ற வடசொல்லின் வழி வந்தது. நம் ‘இலக்கியம்’ வடமொழி ‘லக்ஷ்ய’த்திலிருந்து வந்தது என்பார்கள், ‘இலக்கு’ என்பதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அதில் ‘எழுத்து’ இல்லை. எதைப் பார்த்து இலக்கணம் விதி சொல்கிறதோ, அதுவே இலக்கியம்.

தொல்காப்பியர் செய்யுள் வகை ஏழு என்கிறார். பாட்டு மட்டுமல்ல, விடுகதையாகிய பிசியும் பழமொழியாகிய முதுசொல்லும் அந்த வரிசையில் உண்டு. ஏட்டைத் தொடாமல் வாயிலேயே வாழ்ந்தவை இவை.

பாட்டியின் பாட்டில் ‘மங்கு’, ‘கித்தா’ வருகிறதா என்று பாருங்கள். மலாய் ‘மங்கோக்’ பால் பிடிக்கும் மங்கானதும், ‘கெத்தா’ ரப்பரைக் குறிக்கும் கித்தாவானதும் தோட்டத்து வாய்களில்தான். அவற்றைத் தமிழாக்கியவர்கள் உங்கள் பாட்டி போன்றவர்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, தொழிலாளர் குடியிருந்த லயங்களும் குறைந்துவிட்டன. இலக்கியமா என்ற விவாதம் இருக்கட்டும். இன்றே கைப்பேசியில் பாட்டியின் குரலைப் பதிவு செய்யுங்கள்.